குழந்தை கன்னத்துல வெள்ளைத் திட்டு: மருந்துக்கடையில என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

கடலூர்ல ஒரு மருந்துக்கடையில ஃபார்மசிஸ்டா வேலை பாக்குறேன், 11 வருஷமாச்சு. பள்ளிக்கூடம் லீவு விட்டு மே மாசம் வந்துட்டா போதும், தெனமும் ரெண்டு மூணு அம்மாங்களாவது குழந்தையை கூட்டிட்டு வந்து முகவாயைப் பிடிச்சு லைட்டு பக்கம் திருப்பிக் காட்டுவாங்க, "இது என்னன்னு பாருங்களேன்"னு. அந்த கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதி வெச்சிருக்கேன். என் பையனுக்கும் 7 வயசுல இது வந்துச்சு, அதனால படிச்சதை மட்டும் வெச்சு எழுதல. நான் டாக்டர் இல்ல, எந்த இடத்துல டாக்டரைப் பாத்தே ஆகணுமோ அங்க அதையும் சொல்லியிருக்கேன்.

"பாப்பா கன்னத்துல ரவுண்டா வெள்ளையா ஒண்ணு இருக்குங்க, இது என்னது?"

பெரும்பாலும் இது பிட்டிரியாசிஸ் ஆல்பா. பேரு பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க. ஆல்பான்னா லத்தீன்ல வெள்ளைன்னு அர்த்தம், பிட்டிரியாசிஸ்ங்கிறது தவிடுங்கிற கிரேக்க வார்த்தையில இருந்து வந்தது. ஏன் தவிடுன்னா, அந்த திட்டு மேல வெரலை லேசா தேச்சுப் பாருங்க, புடைச்ச தவிடு மாதிரி மெல்லிசா ஒரு பொடி உதிரும். வெளிச்சத்துல கன்னத்தை சாய்ச்சுப் பாத்தாலும் அந்த செதில் தெரியும். நம்ம ஊர்ல பொதுவா தேமல்னு சொல்லிடுவாங்க, ஆனா தேமல்ங்கிற ஒரே பேர்ல ரெண்டு மூணு வேற வேற விஷயம் ஓடுது, அதை கீழ தனியா சொல்றேன்.

3 வயசுலேர்ந்து 16 வயசுக்குள்ள வர்றது அதிகம். கன்னம், வாயைச் சுத்தி, முகவாய், சில பிள்ளைங்களுக்கு மேல் கை, கழுத்து, தோள்பட்டை. ஒண்ணு ரெண்டு ரூபா காசு அளவுல ஆரம்பிச்சு கொஞ்சம் பெருசாவும் இருக்கும், ஒண்ணே ஒண்ணும் இருக்கும், நாலஞ்சும் இருக்கும். ஓரம் தெளிவா கோடு போட்ட மாதிரி இருக்காது, சுத்தி இருக்குற தோலோட மங்கலா கலந்துடும். சில பேருக்கு மொதல்ல லேசா சிவந்து சொரசொரன்னு இருக்கும், அதை யாரும் கவனிக்க மாட்டோம், அது அடங்கி வெளுத்த பிறகுதான் கண்ணுல படும். வலி கிடையாது, அரிப்பு இருந்தாலும் லேசாதான்.

"எதனால வருது? நாங்க எதாவது தப்பு பண்ணிட்டமா?"

தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணல. தோல் வறண்டு போய், அந்த இடத்துல லேசா ஒரு அழற்சி வந்து, அதனால கொஞ்ச நாளைக்கு நிறம் தயாராகுறது கம்மியாயிடுது, அவ்வளவுதான். நிறம் குடுக்குற செல்லு செத்துப் போகல, மந்தமா இருக்கு. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வெண்புள்ளி பத்தி கேக்குறப்போ இதுதான் பதில்.

வீட்ல யாருக்காவது வீசிங், அடிக்கடி தும்மல், முழங்கை மடிப்புல கரப்பான் மாதிரி அரிப்பு இருந்தா அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வரும். என் வீட்டுக்காரருக்கு சின்ன வயசுல வீசிங், பையனுக்கு இது. ஆனா அதெல்லாம் எதுவுமே இல்லாத பிள்ளைங்களுக்கும் வருது.

"வயித்துல பூச்சி இருந்தாதான் முகத்துல இப்படி வெளுக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க, பூச்சி மருந்து குடுங்க"

இதைத்தான் நான் அதிகமா கேட்டிருக்கேன், நூறு பேர் வந்தா எழுபது பேராவது இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க. குடல்புழுவுக்கும் கன்னத்துல இருக்குற இந்தத் திட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பூச்சி மாத்திரை குடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு திட்டு மறைஞ்சா மாத்திரையாலதான் போச்சுன்னு தோணும், ஆனா அது தானாவே மறையுற திட்டு.

அதுக்காக பூச்சி மாத்திரை வேணாம்னு நான் சொல்லவே இல்ல. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிய ஒட்டி ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் 1 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் குடுக்குறாங்க, 2 வயசுக்கு மேல 400 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு, அதுக்குக் கீழ பாதி. அதை கண்டிப்பா போட வைங்க, ரத்தசோகை வராம இருக்க அது தேவை. மாமியார்கிட்ட "மாத்திரை ஸ்கூல்ல போட்டாச்சும்மா"ன்னு சொல்லிடுங்க, அவங்களுக்கும் நிம்மதி. திட்டுக்காக மாசாமாசம் வாங்கி ஊத்துறதுதான் வேணாம்.

"கால்சியம் கம்மியா இருக்கோ? எதாவது நல்ல டானிக் இருந்தா குடுங்க"

இதுக்கும் இல்லைங்கதான் பதில். கால்சியம், சத்துக்குறைவு, பால் குடிக்காதது, எதுவும் இதுக்கு காரணம் இல்ல. நல்லா சாப்பிடுற கொழுகொழுன்னு இருக்குற பிள்ளைக்கும் வருது. வைட்டமின் டி சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாம அளவில்லாம ஊத்தாதீங்க, அது உடம்புல சேர்ந்து கால்சியம் ஏறி வாந்தி, கிட்னி பிரச்சனை வரைக்கும் கொண்டு போகும். டானிக் வாங்குற காசுக்கு ஒரு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கலாம், அதை ஒன்பதாவது கேள்வியில சொல்றேன்.

"மீன் சாப்பிட்டதும் பால் குடிச்சுட்டாங்க, அதனாலயா?"

நம்ம ஊர்ல வாரத்துல நாலு நாளு மீன் கொழம்பு, இந்தக் கேள்வி வராம இருக்குமா. மீனும் பாலும் சேர்ந்தா தோல் வெளுக்காது. இந்தத் திட்டும் அதனால வராது, வெண்புள்ளியும் அதனால வராது. பிள்ளைக்கு மீனை நிறுத்தாதீங்க, வளர்ற வயசுல நமக்கு கெடைக்கிற நல்ல புரதம் அது.

"ஒட்டிக்குமா? மிஸ்ஸு தனியா உக்கார வெச்சுட்டாங்க"

ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும், ஒரே டவல்ல தொடைச்சாலும், கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தாலும் ஒட்டவே ஒட்டாது, ஏன்னா இதுல கிருமியே இல்ல. இதைக் கேட்டுட்டு வந்த ஒரு அம்மா கவுண்டர்லயே அழுதுட்டாங்க, பிள்ளை ரெண்டு வாரமா கடைசி பெஞ்சுல தனியா உக்காந்திருக்கான், வீட்ல சொல்லவே இல்ல. எனக்கு அன்னைக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி "தொற்று நோய் இல்லை"ன்னு ரெண்டு வரி எழுதி வாங்கி ஸ்கூல்ல குடுங்க, வாயால சொல்றதைவிட அந்த சீட்டுக்கு மரியாதை அதிகம்.

"வெண்புள்ளியா மாறிடுமா? ராத்திரி தூக்கமே வரலைங்க"

மாறாது. இது வேற, அது வேற. ரெண்டாவது கேள்வியில சொன்னேன் இல்லையா, இதுல நிறம் குடுக்குற செல்லு இருக்கு, வேலை கொஞ்சம் கம்மி பண்ணுது. வெண்புள்ளியில அந்த செல்லே அழிஞ்சு போயிடுது. அதனால பாக்குறதுக்கும் வித்தியாசம் தெரியும். இது மங்கலா, மோர் தெளிச்ச மாதிரி வெளுத்திருக்கும், ஓரம் கலங்கியிருக்கும், மேல செதில் இருக்கும். வெண்புள்ளி பால் மாதிரி, சுண்ணாம்பு மாதிரி பளிச்சுன்னு வெள்ளையா, ஓரம் வரைஞ்ச மாதிரி தெளிவா, மேல வழவழன்னு செதிலே இல்லாம இருக்கும். உதடு, கண்ணைச் சுத்தி, வெரல் நுனி, முட்டின்னு வரும், சில சமயம் அந்த இடத்துல முடியும் வெளுத்துடும்.

சந்தேகம் இருந்தா தோல் டாக்டர் ரூமை இருட்டாக்கி வுட்ஸ் லேம்ப்னு ஒரு விளக்கு அடிச்சுப் பாப்பாங்க. வெண்புள்ளியா இருந்தா பளீர்னு நீலம் கலந்த வெள்ளையில மின்னும், இது அப்படி மின்னாது. ஊசி இல்ல, வலி இல்ல, ஒரு நிமிஷம்.

இன்னொண்ணும் சொல்லணும். வெண்புள்ளியாவே இருந்தாலும் அதுவும் ஒட்டாது, குஷ்டமும் இல்ல, அதனாலதான் வெண்குஷ்டம்ங்கிற பழைய பேரை சொல்லாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கேட்டுக்குறேன். அதுக்கும் இப்ப நல்ல வைத்தியம் இருக்கு, குழந்தைங்களுக்கு சீக்கிரம் ஆரம்பிச்சா பலனும் நல்லா இருக்கு.

"எங்க தம்பிக்கு முதுகுல தேமல் இருந்துச்சு, பூஞ்சை மருந்து போட்டதும் போச்சு. அதையே இவனுக்கும் போடலாமா?"

மேல சொன்ன பேர் குழப்பம் இதுதான். உங்க தம்பிக்கு வந்தது மலசீசியாங்கிற ஒரு ஈஸ்ட்டால வர்ற தேமல். அது வாலிப வயசுலயும் பெரியவங்களுக்கும் அதிகம், நெஞ்சு, முதுகு, கழுத்து, வேர்வை நிக்கிற இடம், சின்னச் சின்னப் புள்ளியா ஆரம்பிச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும், வெள்ளையாவும் இருக்கும் பழுப்பாவும் இருக்கும். அதுக்கு கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சை மருந்து கேக்கும். உங்க பையன் கன்னத்துல இருக்குறது அது இல்லைன்னா அந்த மருந்து எத்தனை மாசம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, தோல் இன்னும் காயும்.

ஆனா ஒரு விஷயம், நம்ம பக்கம் இருக்குற புழுக்கத்துக்கு சின்னப் பிள்ளைங்களுக்கும் நெத்தியில, கழுத்துல அந்த ஈஸ்ட் தேமல் வரும், அதுவும் தலைக்கு எண்ணெய் வழிய வழிய வெக்கிற பிள்ளைங்களுக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணால பாத்து எனக்கே சில சமயம் சொல்ல முடியாது. டாக்டர் அந்த செதிலை லேசா சுரண்டி கண்ணாடித் தகட்டுல வெச்சு ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா அங்கயே தெரிஞ்சுடும். ஓரம் தடிச்சு வட்டமா பரவிக்கிட்டே போய் ரொம்ப அரிச்சா அது படர்தாமரை, அது மூணாவது விஷயம், அது ஒட்டும்.

"அப்ப என்னதான் தடவுறது?"

ஈரப்பதம் காக்குற க்ரீம், அதாவது மாய்ஸ்சரைசர். இதுதான் முக்கியமான மருந்து, ஆனா நான் இதைச் சொன்னதும் பாதி பேருக்கு முகம் சுருங்கிடும், "வெறும் க்ரீமா"ன்னு. வெறும் க்ரீம்தான், ஆனா போடுற விதத்துல இருக்கு. குளிச்சுட்டு வந்ததும் டவலால தேய்க்காம ஒத்தி எடுங்க, தோல்ல ஈரம் இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, தடவிடுங்க. காஞ்சு போன தோல்ல மத்தியானம் தடவுறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். காலையில ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போறப்போ ஒரு தடவை. திட்டு மேல மட்டும் பொட்டு வெச்ச மாதிரி வெக்காம ரெண்டு கன்னம் முழுக்க, கைக்கும் சேத்து தடவுங்க.

விலை ஜாஸ்தியான டப்பாதான் வேணும்னு இல்ல. வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும், அது பிசுபிசுப்பா இருக்குன்னு பிள்ளை அழிச்சா லிக்விட் பாரஃபின் கலந்த க்ரீம் வாங்கிக்கோங்க. செக்குத் தேங்காய் எண்ணெயும் வறண்ட தோலுக்கு நல்லதுதான், ஆனா மேல சொன்ன ஈஸ்ட் தேமல் இருக்குற பிள்ளைக்கு எண்ணெய் வேணாம். முகத்தை வெளுப்பாக்குற ஃபேர்னஸ் க்ரீம் எதையும் பிள்ளை முகத்துல வெக்காதீங்க, இங்க நமக்கு வேண்டியது போன நிறம் திரும்பி வர்றது.

"சோப்பு மாத்தணுமா? எங்க ஏரியா தண்ணி வேற உப்பு"

முகத்துக்கு சோப்பு போடுறதைக் குறைங்க. நுரை நெறைய வர்ற சோப்பு தோல்ல இருக்குற எண்ணெயை எடுத்துட்டுப் போயிடும், கழுவினதும் முகம் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா அந்த சோப்பு வேணாம். வாசனை கம்மியான மைல்டு சோப்பு, அதுவும் அக்குள், தொடை இடுக்கு, அழுக்குப் பட்ட இடத்துக்கு மட்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் வேணாம், வெதுவெதுன்னு பத்து நிமிஷத்துக்குள்ள குளிப்பாட்டி முடிச்சுடுங்க. நார் போட்டு தேய்ச்சா திட்டு போயிடும்னு தேய்க்கிறாங்க, அழுக்கு இல்லைங்க அது, தேய்க்கத் தேய்க்க அதிகமாகும்.

கடலோரத்துல நெறைய வீட்ல போர் தண்ணி உப்புதான், அந்தத் தண்ணியில சோப்பு சரியா கழுவுப்படாம தோல்லயே தங்கிடும். வீடு மாத்த முடியாது, தெனம் கேன் தண்ணியில குளிப்பாட்டவும் முடியாது. கடைசியா ஒரு சொம்பு நல்ல தண்ணியில முகத்தை மட்டும் அலசி விட்டுட்டு உடனே க்ரீம் போடுங்க, என் பையனுக்கு அப்படித்தான் பண்ணேன்.

"லீவுல தெனம் பீச்சுல ஆடினான், அப்புறம்தான் வந்துச்சு. கடல் தண்ணி அலர்ஜியா?"

அப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், அப்பதான் வந்துச்சுன்னு இல்ல. தேவனாம்பட்டினம் பீச்சுல கத்திரி வெயில்ல ஒரு வாரம் ஆடினா சுத்தி இருக்குற நல்ல தோல் கறுத்துடும், திட்டு இருக்குற இடம் கறுக்காது, அதனால வித்தியாசம் பளிச்சுன்னு எடுத்துக் காட்டும். மழைக்காலத்துல அதே திட்டு இருக்குற இடமே தெரியாது. மே, ஜூன்ல என்கிட்ட கூட்டம் வர்றதுக்கு இதுதான் காரணம்.

கடலுக்கே போகாதேன்னு சொல்ல வேணாம். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்ல நாலு மணிக்கு மேல. ஆடிட்டு வந்ததும் நல்ல தண்ணி ஊத்தி க்ரீம் போடுங்க, உப்பு காஞ்சா தோல் இன்னும் வறளும். மாசி மகம் அன்னைக்கு குளிக்கப் போனாலும் இதேதான். முடிஞ்சா எஸ்பிஎஃப் 30 இருக்குற சன்ஸ்க்ரீன், ஜிங்க் ஆக்சைடு இருக்குறதா பாத்து, வெளிய போறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி. வாங்க வசதிப்படலைன்னா அகலமான தொப்பி, அது ஒண்ணும் கம்மி இல்ல.

"எத்தனை நாள்ல போகும்?"

நாள் கணக்கு இல்லைங்க, மாசக் கணக்கு. செதிலும் சொரசொரப்பும் ஒழுங்கா க்ரீம் போட்டா ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும். நிறம் திரும்ப பல மாசம் ஆகும், சில பிள்ளைங்களுக்கு ஒரு வருஷத்தைத் தாண்டும். தெனமும் பாத்துக்கிட்டே இருந்தா மாற்றம் தெரியாது. மாசம் ஒரு தடவை அதே ஜன்னல் பக்கத்துல, அதே நேரத்துல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மூணு மாசம் கழிச்சு வரிசையா பாருங்க.

"போயிடுச்சுன்னு நிறுத்தினேன், திரும்ப வந்துடுச்சே"

வரும். வறண்ட தோல் இருக்குற பிள்ளைக்கு வளர்ற வரைக்கும் வந்து வந்து போகும், அதுக்கு மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல. திட்டு போனாலும் குளிச்சதும் க்ரீம் போடுற பழக்கத்தை விடாதீங்க.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்த ட்யூப்தான், ஒரே வாரத்துல போச்சாம், இதையே குடுங்க"

போன்ல போட்டோ காட்டுவாங்க, இல்ல மடிச்சு மடிச்சு தீர்ந்து போன ட்யூபையே எடுத்துட்டு வந்து நீட்டுவாங்க. நான் குடுக்க மாட்டேன், சில பேர் கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க, அப்பவும் குடுக்க மாட்டேன். அந்த ட்யூபுங்கள்ல பாதிக்கு மேல ஸ்டீராய்டு (அழற்சியை அடக்குற மருந்து), பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணையும் ஒண்ணா கலந்தது. பின்பக்கம் பொடி எழுத்துல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு இருக்கும். ஓரத்துல செவப்பு கோடும் இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அர்த்தம். தடவுற ஸ்டீராய்டுகளையும் 2018-ல மத்திய அரசு ஷெட்யூல் ஹெச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தாதான் விக்கலாம்ங்கிற மருந்துப் பட்டியலோட கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்துச்சு, ஆனாலும் கைக்கு சுலபமா கெடைச்சுக்கிட்டுதான் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி முதுநகர்லேர்ந்து ஒரு அம்மா 6 வயசு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. வேற ஒரு கடையில சீட்டு இல்லாம வாங்கின ட்யூப், நாலு மாசமா தெனம் ரெண்டு வேளை. போட்டா நல்லா இருக்கு, நிறுத்தினா செவந்து எரியுதுன்னாங்க. கன்னத்துல தோல் சிகரெட் அட்டைக்குள்ள இருக்குற மெல்லிசு காகிதம் மாதிரி பளபளன்னு, உள்ள செவப்பு நரம்பு நூல் நூலா தெரியுது, காதோரத்துல பூனை முடி அடர்த்தியா வளர்ந்திருக்கு, மூக்குப் பக்கம் இந்த வயசுல பரு. அந்த வெள்ளைத் திட்டு அப்படியேதான் இருந்துச்சு. அழுத்தமான ஸ்டீராய்டு தோலை இன்னும் வெளுக்கவும் வைக்கும், இது யாருக்குமே தெரியுறது இல்ல. கண்ணுக்குப் பக்கத்துல ரொம்ப நாள் போட்டா கண் அழுத்தம், கண்புரைன்னும் போகும். படர்தாமரை மேல போட்டா அரிப்பு அடங்கின மாதிரி காட்டி உள்ளுக்குள்ள பரவ விட்டுடும்.

இப்ப உங்க வீட்ல அப்படி ஒரு ட்யூப் நாள்பட்டு ஓடிக்கிட்டு இருந்தா, நான் எழுதினதைப் படிச்சுட்டு சட்டுன்னு தூக்கிப் போடாதீங்க, நிறுத்தினா குப்புன்னு செவக்கும். ட்யூபோட தோல் டாக்டரைப் பாருங்க, எப்படி விடணும்னு அவங்க சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணாங்க, கன்னம் தெளிய எட்டு மாசம் ஆச்சு.

"ஆனா எங்க டாக்டரே ஸ்டீராய்டுதான் எழுதியிருக்காரு, நீங்க வேணாங்குறீங்க?"

இல்லைங்க, வேணாம்னு சொல்லல. டாக்டர் எழுதுறது பெரும்பாலும் ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம், இல்ல டெசோனைடு, ரெண்டும் மைல்டு. திட்டு செவந்து அரிக்கிற நேரத்துல அஞ்சு, ஏழு நாள்னு எழுதுவாங்க. அதை தைரியமா போடலாம், எழுதின நாளுக்கு மட்டும். சீட்டைப் பாருங்க, நாள் எழுதலைன்னா திரும்பப் போய் "எத்தனை நாள் சார்"னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. மேல சொன்ன குளோபெட்டசால் வகையும் இதுவும் ஒண்ணு இல்ல.

அளவு எவ்வளவுன்னா, பெரியவங்க ஆள்காட்டி வெரல் நுனிலேர்ந்து மொத மடிப்பு வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினா அது அரை கிராம், அது வெரலோட சேத்து பெரியவங்க உள்ளங்கை ரெண்டு அளவு இடத்துக்கு வரும். பிள்ளை கன்னத்துத் திட்டுக்கு அதுல ஒரு ஓரம் போதும்.

"டாக்ரோலிமஸ்னு எழுதிக் குடுத்தாங்க, போட்டா எரியுதுங்குறா"

இது ஸ்டீராய்டு இல்லாத மருந்து, 2 வயசுக்கு மேல இருக்குற பிள்ளைங்களுக்கு 0.03 சதவீதம். சீட்டுல 0.03-ன்னு இருந்து கடையில 0.1 குடுத்தா திருப்பிக் குடுங்க, அது பெரியவங்களுக்கு. மொத சில நாள் சுருக்குன்னு எரியும், அப்புறம் பழகிடும். ஈரத்தோல்ல வெச்சா இன்னும் எரியும், இதை மட்டும் நல்லா காஞ்ச தோல்ல வைங்க. போட்டுட்டு வெயில்ல விடாதீங்க. வாரம் தாண்டியும் பிள்ளை கத்தினா டாக்டருக்கு போன் பண்ணுங்க.

"பூவரசங்காய் பால், கார்போகரிசி, எலுமிச்சம்பழம்... பாட்டி வைத்தியம் எதாவது பண்ணலாமா?"

பாட்டிங்க மேல எனக்கு மரியாதை உண்டு, "அழகு தேமல்டி இது"ன்னு சொல்லி பிள்ளையை சமாதானப்படுத்துறது அவங்கதான். ஆனா இந்த மூணும் பிள்ளை முகத்துக்கு வேணாம். கார்போகரிசியில சோராலன்னு ஒரு பொருள் இருக்கு, அதைத் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கொப்புளம் வரும். வெண்புள்ளி வைத்தியத்துல சோராலனை டாக்டர்ங்க அளந்து, வெளிச்சத்தையும் அளந்து குடுப்பாங்க, மொட்டை மாடி வெயில்ல அந்த அளவு ஏது. எலுமிச்சையும் அப்படித்தான், வெயில் பட்டா தீப்பட்ட மாதிரி கறுத்துடும், அந்தக் கறுப்பு போக அந்த வெள்ளையைவிட நாளாகும். பூவரசங்காய் பாலும் சில தோலுக்கு எரிச்சல் குடுக்கும். நலங்கு மாவு போட்டுத்தான் ஆகணும்னா உடம்புக்குப் போடுங்க, வறண்டு போன கன்னத்தை விட்டுடுங்க.

"எப்ப டாக்டர்கிட்ட கண்டிப்பா போகணும்?"

திட்டு பால் வெள்ளையா, ஓரம் தெளிவா இருந்தா. மூணு மாசம் ஒழுங்கா க்ரீம் போட்டும் பரவிக்கிட்டே போனா. ரொம்ப அரிச்சு தண்ணி கசிஞ்சா. பொறந்ததுலேர்ந்தே உடம்புல வெள்ளைத் திட்டு இருந்து, கூடவே வலிப்பு வந்த பிள்ளைன்னா தள்ளிப் போடவே கூடாது, அது வேற விஷயம்.

அப்புறம் உணர்ச்சி. திட்டு மேல தொட்டா தெரியல, சூடு தெரியல, அந்த இடம் வேர்க்கல, முடி உதிர்ந்திருக்குன்னா தொழுநோயான்னு பாக்கணும். முகத்துல உணர்ச்சியை வெச்சு வீட்லயே முடிவு பண்ணாதீங்க, சின்னப் பிள்ளைக்கு கன்னத்துல தொழுநோய் இருந்தாலும் உணர்ச்சி நல்லாவே இருக்கலாம், அதை டாக்டர்தான் நரம்பைத் தொட்டுப் பாத்து சொல்லணும். இதை எழுதும்போதே யாராவது பயந்துடுவாங்களோன்னு யோசிச்சேன், ஆனா எழுதாம விடக் கூடாது. அப்படியே இருந்தாலும் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம், வகையைப் பொறுத்து 6 மாசம் இல்ல 12 மாசம், முழுசா குணமாகும்.

"பொண்ணு கண்ணாடியைப் பாத்து அழுவுறா, சொந்தக்காரங்க வேற கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க"

பிள்ளை முன்னாடி கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டுறதை மொதல்ல நாம நிறுத்தணும், கடையில என்கிட்ட காட்டும்போதும்தான். நான் இப்பல்லாம் கவுண்டரை விட்டு வெளிய வந்து குனிஞ்சு பிள்ளைகிட்டயே கேக்குறேன், "நான் பாக்கலாமா கண்ணு"ன்னு. சொந்தக்காரங்க கேட்டா "தோல் வறட்சி, க்ரீம் போடுறோம், சரியாகிக்கிட்டு இருக்கு" அவ்வளவு போதும், இதையே பிள்ளைக்கும் சொல்லிக் குடுங்க, அதுவே பதில் சொல்லிக்கும்.

என் பையன் க்ரீம்னாலே ஓடுவான். ஒரு நாள் டப்பாவை அவன் கையிலயே குடுத்துட்டேன். நெத்தி, கன்னம், முகவாயின்னு எண்ணி எண்ணி புள்ளி வெச்சு, அதை அவனே கண்ணாடி பாத்து தேய்ச்சுப்பான், அதுக்கு ராக்கெட் போடுறதுன்னு பேரு வெச்சிருந்தான். அதுக்கப்புறம் நான் ஞாபகப்படுத்தவே வேண்டியது இல்லாம போச்சு.

"எங்க காட்டுறது? போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?"

கடலூர்க்காரங்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை இருக்கு. பாண்டி பக்கம்னா கோரிமேடு ஜிப்மர்ல தோல் நோய் பிரிவு இருக்கு, கதிர்காமத்துல இந்திரா காந்தி மெடிக்கல் காலேஜ் இருக்கு, எங்க போனாலும் காலையில சீக்கிரமே போயிடுங்க. சாதாரணத் திட்டுக்கு உங்க குழந்தை டாக்டரே போதும்.

அன்னைக்கு காலையில முகத்துல எந்த க்ரீமும் பவுடரும் போடாம கூட்டிட்டுப் போங்க, செதில் தெரியணும். போன்ல எடுத்து வெச்ச மாசாமாசம் போட்டோவைக் காட்டுங்க. இதுவரைக்கும் தடவின ட்யூப், எண்ணெய், பக்கத்து வீட்ல குடுத்தது, தீர்ந்து போனதோட காலி அட்டை வரைக்கும் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. திட்டுவாங்கன்னு எதையும் வீட்ல விட்டுட்டுப் போகாதீங்க, அந்தக் கவரைப் பாத்தாதான் டாக்டருக்குப் பாதி விஷயம் புரியும்.